கை வழங்காதவர்க்கும் கணிப்பொறி

பனையேறும்போது தவறி விழுவோரும், தென்னையிலிருந்து மட்டையோடு கீழே வருவோரும், சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றில் இருட்டில் இடறி வீழ்வோரும் நம் கிராமங்களில் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். அவர்களுட் பலருக்குக் கையோ காலோ முறிகிறது. கட்டுப் போட்டால் சில மாதங்களில் எலும்பு கூடிவிடுகிறது. ஆனால் கழுத்தெலும்பு நொறுங்கி, அதனுள் ஓடும் தண்டுவடம் நசுங்கியவர்களின் நிலைமை வேறு. மூளையிலிருந்து புறப்படும் கட்டளை அவ்விடத்தைத் தாண்டிச் செல்வதில்லை. தலைமடையில் வாய்க்கால் உடைந்தால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்டாதல்லவா? அஃதே இங்கும் நிகழ்கிறது. கழுத்தின் நான்காம் கணுவில் அடிபட்டவருக்குத் தலையும் ஓரளவு தோளும் மட்டுமே அசையும். ஐந்தாம் கணுவில் அடிபட்டவர் முழங்கையை மடக்குவார். விரல்களை இயக்க அவரால் இயலாது.

இவ்வாறு விழுந்து கிடப்பவரைக் கைகால்களைப் பிடித்துத் தூக்கலாகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. தலையும் கழுத்தும் ஆடாமல் பிடித்து, பலகையிற் கிடத்தி எடுத்துச் செல்லுதல் வேண்டும். நல்லெண்ணத்தோடு தூக்கியவர்களாலேயே காயம் பெரிதாவதுண்டு.

விபத்தினால் அன்றிப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம் கொண்ட குழந்தைகளும் உள்ளனர். அவர்களுடைய கைகால்கள் அசையாமல் இருப்பதில்லை; வேண்டாதபோது அசையும், வேண்டியபோது கட்டுப்படா. பேச்சும் குழறும். தசைச் சிதைவு நோயாலும் நரம்புச் சிதைவு நோயாலும் ஆண்டுக்கு ஆண்டு வலுக் குன்றி வருவோர் மற்றொரு சாரார். இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக நேரும் ஒரு கொடுமை உண்டு. உடல் இயங்காவிட்டால் அறிவும் இயங்கவில்லை என்று ஊரார் முடிவு கட்டிவிடுகிறார்கள். வீட்டுக்கு வருவோர், படுத்திருப்பவரை விட்டுவிட்டு, அவர் தாயாரிடம், "சாப்பிட்டாரா? தூங்கினாரா?" என்று கேட்பர். நிலத்தை விற்பதா, தங்கையை எங்கே கொடுப்பது என்னும் பேச்சு அவர் காது கேட்கவே நடக்கும். அவருடைய கருத்தைக் கேட்பார் ஒருவரும் இரார்.

இத்தகையோர் எழுதவும், கணக்குப் பார்க்கவும், கடிதம் அனுப்பவும், பேச்சிழந்திருந்தால் பேசவும்கூட, கம்ப்யூட்டர் என்று எல்லோரும் வழங்கும் கணிப்பொறி துணை செய்கிறது. அதற்கு இரண்டு கைகளும் பத்து விரல்களும் வேண்டும் என்று எண்ணுவது இயல்பே. உண்மையில், தாம் நினைத்தபோது செய்யக்கூடிய ஒரே ஓர் அசைவு ஒருவரிடம் எஞ்சியிருந்தால் போதும். அது பெருவிரலின் துடிப்பாக இருக்கலாம். தலையைச் சற்றுச் சாய்ப்பதாக இருக்கலாம். கன்னத்தை இறுக்குவதாகவோ, மூச்சை ஊதுவதாகவோ இருக்கலாம். அந்த ஓர் அசைவைக் கண்டுபிடித்து அதனைக் கணிப்பொறியோடு இணைப்பதே வேலை. அதிற் பெரும் பகுதி நம் ஊர்த் தச்சரும், கைப்பேசி பழுதுபார்க்கும் இளைஞரும் செய்யக் கூடியதே.

மூச்சினால் எழுதியவர்கள்

இம்முயற்சி கணிப்பொறிக்கு முன்னரே தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் ரெஜ் மேலிங் என்பவர், உடல் முழுதும் செயலிழந்த நோயாளிகளை மருத்துவமனையிற் சென்று பார்த்து வரும் தொண்டராக இருந்தார். தாதியை அழைப்பதற்கு மணி ஒன்றைத் தவிர அந்நோயாளிகளுக்கு வேறு வழி இல்லை என்பது அவர் மனத்தை உறுத்திற்று. வாயில் வைத்த குழாயில் ஊதினால் ஒரு செயல், உறிஞ்சினால் மற்றொரு செயல் என்று அமைத்து, 1960-ஆம் ஆண்டில் தட்டச்சுப் பொறியையே மூச்சினால் இயக்கும் கருவியை அவர் உருவாக்கினார். அதற்கு வழங்கிய பெயர் 'பாஸம்'. இலத்தீன் மொழியில் இச்சொல்லுக்கு 'என்னால் முடியும்' என்பது பொருள். இன்றும் ஊதுகுழாய் விசை என்னும் வகை வழக்கில் இருந்து வருகிறது.

உலகம் நன்கறிந்த எடுத்துக்காட்டு, விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங். 1963-இல், 21 வயதில், அவருக்கு நரம்புச் சிதைவு நோய் இருப்பது தெரிய வந்தது. 1985-இல் ஜெனீவாவுக்குச் சென்றிருந்தபோது நிமோனியாக் காய்ச்சல் கண்டு, உயிரைக் காக்க மூச்சுக்குழாயில் துளையிட நேர்ந்தது. எஞ்சியிருந்த பேச்சும் அதோடு போயிற்று. அதன் பின்னர்ச் சில காலம் அவர் பேசிய முறை நாம் கவனிக்கத் தக்கது. எழுத்துகள் எழுதிய அட்டையை ஒருவர் காட்டி ஒவ்வொன்றாகச் சுட்டுவார். வேண்டிய எழுத்து வந்ததும் ஹாக்கிங் புருவத்தை உயர்த்துவார். அந்தப் புருவ அசைவே அவருக்கு எழுதுகோலாக இருந்தது.

அப்பொழுது அமெரிக்காவில் வால்ட்டர் வோல்ட்டோஸ் என்பவர், அதே நோய்க்கு ஆளான தம் மாமியாருக்காக ஒரு கணிப்பொறி நிரலை எழுதியிருந்தார். அதனை அவர் ஹாக்கிங்குக்கு அனுப்பினார். கேம்பிரிட்ஜில் டேவிட் மேசன் என்னும் பொறியாளர், சிறிய கணிப்பொறி ஒன்றைச் சக்கர நாற்காலியிலேயே பொருத்திக் கொடுத்தார். திரையிற் சொற்கள் வரிசையாக ஒளிர்ந்து செல்லும். வேண்டிய சொல் வரும்போது கையிலுள்ள விசையை அழுத்தினால் அது வாக்கியத்திற் சேரும். வாக்கியம் முடிந்ததும் பொறி அதனை உரக்கச் சொல்லும். நிமிடத்திற்குச் சுமார் 15 சொற்கள் வரை அவரால் அமைக்க முடிந்தது. பின்னாளில் கையும் ஓய்ந்தபோது, கன்னத் தசையின் அசைவை மூக்குக் கண்ணாடியில் பொருத்திய சிறு கருவி கண்டறிந்தது. வேகம் நிமிடத்திற்கு ஓரிரு சொற்களாகக் குறைந்த நிலையிலும், 2018 மார்ச்சில் மறையும் வரை அவர் எழுதுவதையும் பேசுவதையும் விட்டாரில்லை. அவருக்காக இன்டெல் நிறுவனம் புதிதாக அமைத்த நிரலை, 2015-இல் யாவரும் இலவசமாகப் பெறுமாறு வெளியிட்டது.

ஹாக்கிங் பேரறிஞர், அவருக்குக் கிடைத்த உதவி நம் குடியானவர் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்குமா என்று வாசகர்கள் கேட்கலாம். அவருடைய நாற்காலி விலையுயர்ந்தது. ஆனால் அதன் உள்ளிருந்த தந்திரம் எளியது. அதனை இனிக் காண்போம்.

தென்னந்தோப்பும் எழுத்துக் கட்டமும்

ஒரே ஒரு விசையால் 247 எழுத்துகளை எவ்வாறு எழுதுவது? எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக நொடிக்கு ஒன்று வீதம் திரையில் ஒளிரச் செய்து, வேண்டியது வரும்போது விசையை அழுத்துமாறு வைத்தால், ஓர் எழுத்துக்குச் சராசரி இரண்டு நிமிடத்திற்கு மேல் ஆகும். எந்தப் பொறுமைசாலியும் சோர்ந்துபோவார்.

தென்னந்தோப்பில் ஒரு குறிப்பிட்ட மரத்தை ஆளுக்குக் காட்டும்போது நாம் என்ன செய்கிறோம்? முதல் மரத்திலிருந்து எண்ணிக்கொண்டு வருவதில்லை. "நான்காம் வரிசை, முதல் மரம்" என்கிறோம். அதே முறைதான் இங்கும் கையாளப்படுகிறது. முதலில் வரிசைகள் ஒவ்வொன்றாக ஒளிரும். ஓர் அசைவால் வரிசையைத் தேர்ந்த பிறகு, அவ்வரிசையிலுள்ள எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். இரண்டாவது அசைவால் எழுத்தைத் தேர்ந்துகொள்ளலாம்.

இம்முறைக்கு நம் தமிழ் நெடுங்கணக்கு அழகாகப் பொருந்துகிறது. உயிர் 12, மெய் 18. உயிர்மெய்களைத் தனித்தனியே வைக்க வேண்டுவதில்லை. ககரத்தையும் ஆகாரத்தையும் அடுத்தடுத்துத் தேர்ந்தால் 'கா' ஆகிவிடும். 1999-இல் வகுக்கப்பெற்ற தமிழ் 99 விசைப்பலகையும் இவ்வடிப்படையிலேயே அமைந்தது. ஆகவே ஆறுக்கு ஆறு கட்டம் ஒன்று வரைந்து, முதல் இரண்டு வரிசைகளில் உயிர் எழுத்துகளையும், அடுத்த மூன்றில் க முதல் ன வரையுள்ள மெய் வரிசையையும் எழுதலாம். ஆறாம் வரிசையில் ஆய்தம், இடைவெளி, அழி, ஆம், இல்லை, உதவி என்னும் ஆறும் அடங்கும். முப்பத்தாறு கட்டமும் நிறைந்துவிட்டன. வடமொழி எழுத்துகளுக்கு இடமில்லை என்பது உண்மைதான். ராஜாவை ராசா என்று எழுதினால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

'தண்ணீர்' என்று எழுதிப் பார்ப்போம். தகரம் நான்காம் வரிசையில் முதல் எழுத்து; வரிசைக்கு நான்கு, எழுத்துக்கு ஒன்று, ஆக ஐந்து அடி. ணகரம் மூன்றாம் வரிசையில் ஆறாவது, ஒன்பது அடி. அது இருமுறை வருவதால் பதினெட்டு. ஈகாரத்திற்கு ஐந்து, ரகரத்திற்குப் பத்து. மொத்தம் 38 அடிகள். அடிக்கு ஒரு நொடி வைத்தால் 38 நொடிகள். மெதுவான வேலைதான், எனினும், தாகத்தைச் சொல்ல முடியாமல் பகல் முழுதும் கிடப்பதோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மேலும், 'தண' என்ற இரண்டு எழுத்து வந்ததுமே, எதிரே இருப்பவர், "தண்ணீரா?" என்று கேட்டுவிடுவார். அப்பொழுது 14 அடிகளே ஆகின்றன. கணிப்பொறியும் இதனையே செய்கிறது. ஒருவர் அடிக்கடி எழுதும் சொற்களை நினைவில் வைத்துக்கொண்டு, முதல் ஓரிரு எழுத்துகளைக் கண்டதும், பொருத்தமான சொற்களைத் திரையிற் காட்டும். தேர்ந்துகொள்ள வேண்டியதுதான் பாக்கி.

கணிப்பொறி வாங்கும் முன்னரே இக்கட்டத்தை அட்டையில் எழுதித் தொடங்கிவிடலாம் என்பதே இதன் பெருஞ்சிறப்பு. வீட்டார் ஒருவர் வரிசைகளை விரலாற் காட்டிக்கொண்டு வர, படுத்திருப்பவர் கண்ணை மூடியோ புருவத்தை உயர்த்தியோ நிறுத்தச் சொல்வார். இரண்டு வாரம் இவ்வாறு பழகினால், அவருடைய எந்த அசைவு நம்பத் தக்கது, எவ்வளவு நேரத்திற் சோர்வு வருகிறது, காலையில் நன்றாக இயல்கிறதா மாலையிலா என்பன எல்லாம் வெளியாகிவிடும். எழுத்தறியாதவராயின், எழுத்துகளுக்குப் பதிலாக உணவு, நீர், வலி, திருப்பிப் படுக்க வை, வெளிக்கு, வானொலி என்று படங்களை ஒட்டலாம். பல ஆயிரம் ரூபாய்க் கருவியை முதலில் வாங்கிவிட்டு, பிறகு அதற்கேற்ற அசைவைத் தேடுவது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவதற்கு ஒப்பாகும்.

விசையைச் செய்யும் முறை

அசைவு இன்னதெனத் தெரிந்த பின், அதற்கேற்ற விசை வேண்டும். கடைகளில் இதற்கெனவே விற்கும் விசைகள் உண்டு. அவற்றின் விலை மிகுதி. ஆனால் கணிப்பொறியின் சுட்டியாகிய மவுஸில் இடப்பக்கப் பொத்தானின் கீழே ஒரு சிறு விசை இருக்கிறது. அதன் இரு முனைகளை ஒன்றோடொன்று தொடச் செய்வதுதான் 'அழுத்துதல்' என்பது. அவ்விரு முனைகளிலும் இரண்டு மெல்லிய கம்பிகளைப் பற்றவைத்து வெளியே கொணர்ந்து, வானொலிக் கருவிகளிற் காதணி செருகும் 3.5 மி.மீ. துளை ஒன்றில் இணைத்துவிட்டால், வேண்டிய விசையை அதிற் செருகிக்கொள்ளலாம். கைப்பேசி பழுதுபார்ப்பவருக்கு இஃது அரை மணி நேர வேலை. பழைய மவுஸும் கம்பியும் துளையும் சேர்ந்தாலும் செலவு சில நூறு ரூபாயைத் தாண்டாது.

விசையாக எதனை வைப்பது? வீட்டு வாயிலில் அழைப்பு மணிக்குப் பொருத்தும் பொத்தான் மிக ஏற்றது. அழுத்தும்போது இணைத்து, விட்டதும் பிரியும் தன்மை அதற்கு உண்டு. விளக்குப் போடும் சுவிட்சு இதற்கு உதவாது. அது போட்டபடியே நின்றுவிடும். இன்னும் மெல்லிய அழுத்தம் வேண்டுமானால், உள்ளங்கை அளவான இரண்டு மெல்லிய பலகைத் துண்டுகளின் உட்புறத்தில் உலோகத் தாளை ஒட்டி, தாளுக்கு ஒரு கம்பியாக இணைத்து, நடுவே ஓட்டையிட்ட மென்பஞ்சுத் துண்டை வைத்து ஒட்டலாம். அழுத்தினால் ஓட்டையின் வழியே தாள்கள் ஒன்றையொன்று தொடும். விட்டால் பஞ்சு விலக்கிவிடும். தலையால் அழுத்துவோருக்குத் தலையணையின் பக்கத்திலும், முழங்காலால் அழுத்துவோருக்கு நாற்காலியின் உட்புறத்திலும் இதனைப் பொருத்தலாம்.

ஓர் எச்சரிக்கை அவசியம். இக்கம்பிகளில் ஓடுவது மவுஸுக்குரிய மிகச் சிறிய மின்சாரம். அதனால் தீங்கு இல்லை. ஆனால் எக்காரணத்தாலும் இவ்விசையை வீட்டு மின்சாரக் கம்பியோடு இணைத்தல் கூடாது. உணர்ச்சியற்ற உடம்பிற்கு மின்சாரம் தாக்குவதும் தெரியாது, சுடுவதும் தெரியாது.

விசையை வைக்கும் இடத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அழுத்த முடிவது போலவே, விட முடிவதும் முக்கியம். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை, முழு உடம்பையும் விறைத்துக்கொண்டு கையை ஓங்கி விசையில் அடித்துவிடும். பிறகு கையை எடுக்க அரை நிமிடம் போராடும். அப்படிப்பட்ட இடம் சரியான இடம் அன்று. பெரிய அசைவைக் காட்டிலும், சோர்வு தராத சிறிய அசைவே மேலானது. ஒரு நாளில் இருபது முறை முயன்று, பதினெட்டு முறையாவது நினைத்தபடி அழுத்தவும் விடவும் இயன்றால் அவ்விடத்தை ஏற்கலாம் என்பது என் கருத்து. உட்காரும் நிலையையும் முதலிற் சீர் செய்ய வேண்டும். இடுப்பு சரிந்திருந்தால் தலை நிற்காது. தலை நிற்காவிட்டால் எந்த விசையும் பயன்படாது. பாதங்கள் தொங்காமல் பலகையின்மேல் ஊன்றியிருக்கட்டும். தண்டுவடக் காயமுற்றவர் எழுதும் ஆர்வத்தில் நெடுநேரம் ஒரே நிலையில் உட்கார்ந்துவிட்டால் படுக்கைப் புண் உண்டாகும். ஆகையால் அரை மணிக்கு ஒரு முறையேனும் அவரைச் சற்றுச் சாய்த்தோ தூக்கியோ அழுத்தத்தை மாற்றுதல் கட்டாயம்.

பொறிக்குள்ளேயே இருக்கும் வசதிகள்

பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. நம் பள்ளியிலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் உள்ள சாதாரணக் கணிப்பொறியிலேயே இத்தகைய பல வசதிகள் அடங்கியிருக்கின்றன. தனியே வாங்க வேண்டுவதில்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிரேஸ் நிலையத்தார் வகுத்த சில ஏற்பாடுகள், விண்டோஸ் 95 தொடங்கி எல்லாக் கணிப்பொறிகளிலும் சேர்க்கப்பட்டன. ஷிப்ட் என்னும் விசையை ஐந்து முறை தொடர்ந்து தட்டிப் பாருங்கள். ஓர் அறிவிப்புத் தோன்றும். அதற்கு இசைந்தால், இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டிய இடங்களில் ஒவ்வொன்றாக அழுத்தினாலே போதும். ஒற்றை விரலால் எழுதுவோருக்கும், வாயிற் கவ்விய கோலால் எழுதுவோருக்கும் இஃது இன்றியமையாதது. கை நடுக்கத்தால் ஒரே விசை பலமுறை படுவதைப் பொருட்படுத்தாமல் விடும் ஏற்பாடும், மவுஸின் வேலையை எண் விசைகளாலேயே செய்யும் ஏற்பாடும் அங்கேயே உண்டு.

நாம் மேலே கண்ட ஒற்றை விசை முறைக்கும் விண்டோஸில் வழி இருக்கிறது. திரையிலேயே தோன்றும் விசைப்பலகையைத் திறந்து, அதன் விருப்பங்களில் வரிசை வரிசையாக ஒளிரும் முறையைத் தேர்ந்து, நாம் செய்த மவுஸ் விசையை இணைத்துவிட்டால் எழுதத் தொடங்கலாம். மொழி அமைப்பில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தால் தமிழிலேயே எழுதலாம். ஒளிரும் வேகத்தை முதலில் மூன்று நொடியில் வைத்து, பழகப் பழகக் குறைத்துக்கொள்க.

கைகள் ஓரளவு இயங்கியும் குறி தவறுவோருக்கு, விசைகளுக்கு நேரே துளையிட்ட பலகை ஒன்றைச் சாதாரண விசைப்பலகையின்மேற் பொருத்தலாம். கையைப் பலகையின்மேல் ஊன்றிக்கொண்டு, துளைக்குள் விரலைவிட்டு ஒரு விசையை மட்டும் அழுத்துவார். மெல்லிய ஒட்டுப்பலகையும் துளைக்கருவியும் இருந்தால் ஊர்த் தச்சர் ஒரு நாளிற் செய்துவிடுவார். விளிம்புகளை நன்றாகத் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும் என்பதை மறக்கலாகாது.

கணிப்பொறிக்கு வசதியற்ற வீடுகளிலும் இன்று கைப்பேசி இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் வெளி விசையால் இயக்கும் ஏற்பாடு உள்ளது. 2021-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 12 முதல், கைப்பேசியின் காமிராவே முகத்தைப் பார்த்து, புன்னகை செய்தல், புருவத்தை உயர்த்துதல், வாயைத் திறத்தல் ஆகியவற்றை விசை அழுத்தமாக எடுத்துக்கொள்கிறது. ஹாக்கிங்கின் முன்னே அட்டையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்ற வேலையை, இப்பொழுது ஒரு கைப்பேசியே செய்துவிடுகிறது. முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். மின்கலம் விரைவில் தீரும். இவை அதன் குறைகள்.

கழுத்துக்குக் கீழே செயலிழந்தும் தெளிவாகப் பேசுவோருக்கு விசையே வேண்டாம். 2017 முதல் கைப்பேசியில் தமிழிற் பேசினாலே அதனை எழுத்தாக்கும் வசதி இருக்கிறது. பேச்சுக் குழறுவோருக்கு அது சரியாகப் பயன்படாது; திண்ணையில் நாலு பேர் கூடியிருக்கும்போதும் பயன்படாது. கண்பார்வை செல்லும் இடத்தை நோக்கியே எழுத்தைத் தேர்ந்துகொள்ளும் கருவிகளும் உள்ளன. அவை நன்றாக வேலை செய்கின்றன என்றாலும் விலை உயர்ந்தவை. கண்ணைத் தவிர வேறொன்றும் அசையாதவருக்கே அவற்றைக் கருதலாம் என்பேன்.

நம் நாட்டில் நடந்தவை

தென்காசியை அடுத்த ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன், பொறியியற் கல்லூரி மாணவராக இருந்தபோது, 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் சென்றார். அங்கே உடற்பயிற்சிச் சோதனையில் விழுந்து தண்டுவடத்தில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-இல் அவர் தம் ஊரிலேயே அமர் சேவா சங்கத்தை நிறுவினார். மருத்துவப் பயிற்சி, பள்ளி, தொழிற்பயிற்சி, கணிப்பொறிப் பயிற்சி என்று அது கிளைத்து வளர்ந்தது. 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. பெருநகரத்தில் அன்றி ஒரு கிராமத்தில் இது நடந்தது என்பதே பஞ்சாயத்து அங்கத்தினர்கள் நேரிற் சென்று காண்பதற்குப் போதிய காரணமாகும்.

சென்னையில் 1985-இல் தொடங்கிய வித்யாசாகர் என்னும் நிலையம், பேச்சும் கையும் வழங்காத குழந்தைகளுக்குப் படப் பலகைகளாலும் கணிப்பொறியாலும் கல்வி புகட்டி வருகிறது. சென்னையிலேயே அஜித் நாராயணன் என்னும் பொறியாளர், படங்களைத் தேர்ந்தால் அவற்றை வாக்கியமாகப் பேசும் 'ஆவாஸ்' என்னும் கருவியை உருவாக்கினார். வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையமும் நினைக்கத் தக்கது. அதற்கு அடிகோலிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் கார் விபத்தில் தாமே கால்களின் இயக்கத்தை இழந்தவர்.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியது

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்திருக்கிறது. செய்தித் தொடர்பு வசதிகள் அவர்கள் பயன்படுத்தும் வகையில் அமைய வேண்டும் என்பதை அதன் 42-ஆம் பிரிவு அரசின் கடமையாக்குகிறது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம், உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன அங்கத்தினர்களாகச் சேர்ப்பதற்கான திருத்தங்களை நிறைவேற்றிற்று. அவ்வாறு வரும் அங்கத்தினர் பேச்சு வழங்காதவராக இருப்பின், அவர் கருத்தைக் கூட்டத்தில் எவ்வாறு பெறுவது என்னும் கேள்வி இப்பொழுதே எழுகிறது. ஓர் அட்டையோ ஒரு கைப்பேசியோ மேசைமேல் இருந்தால் அதற்கு விடை கிடைத்துவிடும். அவர் ஒரு வாக்கியத்தை முடிக்க நான்கு நிமிடம் ஆகலாம். மற்ற அங்கத்தினர்கள் அதற்குள் குறுக்கே பேசாமல் இருக்கப் பழக வேண்டியதுதான் கடினமான பகுதி.

கருவி வாங்குவதில் உதவி பெற, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். மத்திய அரசின் துணைக் கருவித் திட்டமும் உண்டு. தனித்துவ அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு அதனைப் பெற்றுத் தருவது முதல் வேலை. படுக்கையை விட்டு எழ முடியாதவரே அவ்வட்டை இல்லாமல் இருப்பது பல ஊர்களிற் காணும் முரண்பாடு. பள்ளியிலோ நூலகத்திலோ உள்ள கணிப்பொறிகளில் ஒன்றையேனும், சக்கர நாற்காலி அடியிற் புகும் உயரமுள்ள மேசையில் வைத்து, வாசற்படிக்குச் சரிவுப் பாதை அமைக்கலாம். தரையிலிருந்து மேசையின் அடிப்பாகம் வரை இரண்டேகால் அடிக்குக் குறையாமல் இடைவெளி இருப்பது நலம். வீட்டிற்கே பொறி கொடுப்பதானால் மடிக்கணிப்பொறியே ஏற்றது. மின்சாரம் நின்றாலும் சில மணி நேரம் ஓடும்.

விழா நடத்திப் பொறியை வழங்கிப் புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு நின்றுவிட்டால், அடுத்த பொங்கலுக்குள் அது பரணில் ஏறிவிடும். பழக்கித் தர ஒருவர் வேண்டும். பொறுமையுள்ள கல்லூரி மாணவரோ, சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த பெண்ணோ, மூன்று மாதம் வாரம் இருமுறை சென்று வந்தால் போதும். விசை பழுதுபட்டால் மாற்றுவதற்கு இன்னொன்று கையில் இருக்கட்டும். பேச்சற்றவருக்கு விசை உடைந்துபோவது, குரல் போவதற்குச் சமம்.

எத்தனை பேர் இவ்வாறு நம் ஊரில் இருக்கிறார்கள் என்பது சில சமயம் அங்கத்தினர்களுக்கே தெரிவதில்லை. வெளியே வராதவர்களை யார் எண்ணுவது? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று இயன்முறைப் பயிற்சி அளித்து வருகிறார்கள். கதவுக்குப் பின்னால் யார் படுத்திருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். அடுத்த கிராம சபைக்கு முன்னர் அவர்களிடம் கேட்டு, ஒரு பெயர்ப் பட்டியல் தயாரிக்கலாம். முதன்முறை அவ்வீடுகளுக்குச் செல்லும்போது கணிப்பொறி எதுவும் எடுத்துச் செல்ல வேண்டாம். முப்பத்தாறு கட்டமிட்ட ஓர் அட்டையைக் கொண்டு சென்று, தாயாரிடம் அன்றி அவரிடமே, அவர் பெயரைக் கேளுங்கள்.